மாலை போட்ட பயங்கரவாதி

பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்லி, பேசி முடித்ததும் என் கழுத்தை அறுத்துவிடுவார் என்று நான் முழுதாக ஏழு நிமிடம் நம்பினேன். நடந்தது சிட்னியின் நார்த்மீடில், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. எதிர்வீட்டில் புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவி சாம்பாருக்குத் தாளிக்கிற வாசனை அவருடைய கராஜ் வரைக்கும் வந்தது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் வைத்து யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள் என்கிற சாதாரண அறிவு எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “நாளைக்கு ஒரு அரை மணி நேரம் வர முடியுமா பிரதர்? தனியா வாங்க. ஒரு விஷயம் இருக்கு” என்றிருந்தார். போனேன். பின்சுவர் முழுக்க ஒரு சாம்பல் நிறப் படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டியிருந்தார். அதற்கு முன்னால் ஒற்றை நாற்காலி. எதிரே ஸ்டாண்டில் செருகிய கைப்பேசி. பக்கவாட்டில் முகத்தைப் பார்த்து ஒரு விளக்கு.

“கதவை இறக்கிடுங்க பிரதர். சத்தம்” என்றார்.

அவர் சொன்னது புல்வெட்டும் மெஷினை. நான் நினைத்தது என் அலறலை.

இந்த அறையை நான் எத்தனையோ ஆங்கிலப் படங்களில் பார்த்திருக்கிறேன். அதில் தாடி வைத்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். நாற்காலியில் இருப்பவன் அழுவான். கடைசி நிமிடத்தில் கூரையை உடைத்துக்கொண்டு கதாநாயகன் குதிப்பான். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு மூன்று வாரமாகியும் அவனே வந்தபாடில்லை. கதாநாயகனை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை என்று, பாக்கெட்டுக்குள்ளேயே கைப்பேசியைத் தடவி மனைவிக்கு அனுப்பினேன்: ‘பக்கத்து வீட்டு கராஜில் இருக்கிறேன். கதவு மூடியிருக்கிறது.’

பதில் உடனே வந்தது: ‘சரி. செவ்வாய்க்கிழமை கிளாஸ் உண்டான்னு அவர்கிட்ட கேளுங்க.’

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். டமாஸ்கஸ் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் நார்த்மீடுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான்கு வருடமாக அவர்தான் பக்கத்து வீடு. ரவுண்டானாவைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் என் மனைவிக்கு, குரலை ஒரு தடவைகூட உயர்த்தாமல் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். நான் பழக்கியபோது இரண்டாவது கிளாஸிலேயே அவள் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். அப்பேர்ப்பட்ட பொறுமைசாலியைப் பற்றித்தான் நான் அப்படி நினைத்தேன். ஏன் என்றால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். என் நெஞ்சில் குற்றம் இருந்தது. அதைச் சொல்லாமல் கராஜுக்குள் மேற்கொண்டு போக முடியாது.

வருடா வருடம் கார்த்திகை பிறந்தால் நான் மாலை போடுவேன். நாற்பத்தொரு நாள் விரதம். தாடி எடுக்கக் கூடாது. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தோளில் கறுப்புத் துண்டு, செருப்பில்லாத கால். மதுரையில் இது சுலபம். சிட்னியில் கார்த்திகை என்பது கோடைகாலம். தார் ரோட்டில் கால் வைத்தால் தோசைக்கல். ஆபீஸுக்கு மட்டும் பேன்ட்டும் ரப்பர் செருப்பும் என்று குருசாமியிடம் சலுகை வாங்கி வைத்திருக்கிறேன். கடைசி நாள் இருமுடி கட்டிக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் வருவோம்.

இந்த விரதத்தை எங்கள் தெருவில் மதித்த ஒரே ஆள் அவர். முதல் வருடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். “அப்ப இது உங்க நோன்பு” என்றார். அன்றிலிருந்து வருடா வருடம் நான் மாலை போட்ட வாரத்தில் என் வாசலில் ஒரு டப்பா பேரீச்சம்பழம் இருக்கும். கறி படாத பாத்திரத்தில் பருப்பு சூப் வைத்து, “தனிப் பாத்திரம், தனிக் கரண்டி” என்று சொல்லிக் கொடுப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் அந்த நாட்களில் என்னை ‘சாமி’ என்றுதான் அழைப்பார். “இன்னும் எத்தனை நாள், சாமி?”

எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவர் அரபியில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவார், நான் மதுரையில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவேன். இரண்டுக்கும் நடுவில் கிடைத்ததை இங்கே மதுரையிலேயே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் மாலை போட்டு இருபது நாள் ஆகியிருக்கும். கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் போன் பண்ணினார். ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோகாமல், இங்கே எடுக்கிற படங்களில் கூட்டத்தில் நிற்கப் போகிறவர்.

“தம்பி, உமக்குத் தாடி நல்லா வளர்ந்திட்டுது என்ன? ஒரு நாள் வேலை இருக்கு, வாறீரோ?”

“என்ன வேலைண்ணே?”

“சும்மா நிக்கிறதுதான். துவக்கு ஒண்டு தருவினம், பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும்.”

“துப்பாக்கியைப் புடிச்சுக்கிட்டு யாரா நிக்கணும்?”

“அரபுக்காரர்.”

“நாம ரெண்டு பேரும் அரபுக்காரங்க மாதிரியாண்ணே இருக்கோம்?”

“அவையளுக்குத் தெரிஞ்சாத்தானே.”

சினிமா என்றதும் எனக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. நடிப்பது பொய்யில் சேருமா என்று குருசாமியைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சேரும் என்பார், எனவே கேட்கவில்லை.

நகரத்துக்கு வெளியே ஒரு மணல் குவாரி. அதுதான் பாலைவனம். விடிகாலையிலேயே போய் வரிசையில் நின்றோம். உடைகளுக்குப் பொறுப்பான பெண் ஒவ்வொருவராகப் பார்த்து, துணி கொடுத்து, முகத்தில் புழுதி பூசிக்கொண்டே வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, துண்டு, தாடி, வெறுங்கால். மேலும் கீழும் பார்த்தாள். “இவரை எதுவும் செய்யாதீங்க, அப்படியே பெர்ஃபெக்ட்” என்று கூட இருந்தவளிடம் சொன்னாள். காலுக்கு பூட்ஸ் வேண்டுமா என்று ஒருத்தன் கேட்டதற்கு, “வேண்டாம், இதுதான் இன்னும் பயமா இருக்கு” என்றாள். துளசி மாலையை மட்டும் நானே சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஐயப்பனுக்காக வீட்டில் உடுத்திக்கொண்டு கிளம்பிய துணி. ஒரு நூல்கூட மாற்றாமல் பயங்கரவாதியாகிவிட்டேன்.

எங்கள் முகாமில் பதினைந்து பேர். ஃபிஜி இந்திய டாக்ஸிக்காரர், இரண்டு பஞ்சாபி மாணவர்கள், ஒரு கிரேக்கத் தாத்தா, இலங்கைக்காரர்கள், நான். அரபு நாட்டைச் சேர்ந்தவர் என்று மருந்துக்குக்கூட ஒருவர் இல்லை. பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கையில் வாங்கிய அண்ணன், “உண்மையான துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான் தம்பி. இஞ்ச வந்து பிளாஸ்டிக் துவக்கோட நிக்கிறன்” என்று சொல்லிவிட்டு அதைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மதியம் உதவி இயக்குநர் ஒருவன் வந்து என்னைக் காட்டி, “நீங்க முன்னாடி ஓடி வாங்க. உங்க மொழியில கோபமா ஏதாவது கத்துங்க” என்றான். என் மொழி எது என்று அவன் கேட்கவில்லை. ‘ஆக்‌ஷன்’ என்றார்கள். ஓடினேன். மாலை போட்டிருக்கிற மாதத்தில் அடிவயிற்றிலிருந்து கத்து என்றால் என் தொண்டைக்கு ஒன்றுதான் வரும்.

“சாமியே...”

இருபது அடி பின்னாலிருந்து அண்ணன், பழக்க தோஷத்தில், “சரணம் ஐயப்பா” என்றார்.

உதவி இயக்குநருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். அப்படியே இன்னும் ஆறு தடவை எடுத்தார்கள். நடுவில் பசித்தது. அங்கே வைத்திருந்த சாப்பாட்டில் கறி கலந்திருந்தது. நான் பையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி போய் ஓடினேன்.

வீட்டுக்கு வந்து இதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாக நடித்துக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பிறந்தநாள் விருந்துகளில் நான் கத்த, எதிர் வரிசை சரணம் சொல்ல, வீடே உருளும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. இளவயதில் சபரிமலைக்குப் போனபோது, எருமேலியில் சாமியின் முஸ்லிம் தோழருக்கு இருக்கிற பள்ளிவாசலை வலம் வந்து, அங்கே திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டுதான் நான் மலை ஏறினேன். அதே கறுப்பு வேட்டியில்தான். இந்த நினைவு வரும்போதெல்லாம் வேறு ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

ஆகஸ்டில் படம் வெளிவந்தது. இரண்டாம் பாதியில் நான்கு செகண்டு, முழு முகம். அண்ணன் அதை மட்டும் வெட்டி ஊருக்கெல்லாம் அனுப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பாரா? வேலியோரம் நின்று, “ஆங்கிலப் படமெல்லாம் பார்ப்பீங்களா?” என்று விசாரித்தேன். “நிறைய” என்றார். அதற்கு அடுத்த வாரம்தான், தனியா வாங்க, ஒரு விஷயம் இருக்கு.

ஆகவே கராஜில் நின்றபோது எனக்குத் தெளிவாக இருந்தது. பார்த்துவிட்டார். கோபம். அரபுக்காரர் கோபப்பட்டால் என்ன நடக்கும்? அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில், அதே குவாரியில் நானும் கிரேக்கத் தாத்தாவும் ஃபிஜி டாக்ஸிக்காரரும் சேர்ந்து தயாரித்துக் கொடுத்த பதில். நாங்கள் செய்த சரக்கை நானே வாங்கி நானே நம்பினேன்.

அவர் மேசையிலிருந்து இரண்டு தாளை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். கடைசி வாக்குமூலம் என்று நினைத்து வாங்கினேன்.

“இதுல கிழவி பேசறது எல்லாம் நீங்க படிங்க. நான் மருந்துக்கடைக்காரர்” என்றார். பிறகு அவரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் நடிகர். டமாஸ்கஸில் பதினோரு வருடம் மேடையில் நடித்தவர். இது எனக்கு நான்கு வருடமாகத் தெரியாது. இங்கே வந்ததும் ஒரு ஏஜென்ட்டிடம் பெயரைக் கொடுத்திருக்கிறார். வந்த வேடமெல்லாம் குண்டு வைக்கிறவன், பெண்டாட்டியை அடிக்கிறவன், மறுபடி குண்டு வைக்கிறவன். ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தத் தடவைதான் முதல்முறையாக ஒரு டிவி தொடரில் மனிதனாக ஒரு வேடம். சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். தேர்வுக்கு வீட்டிலேயே நடித்து வீடியோ அனுப்ப வேண்டும். எதிரே நின்று வசனம் படிக்க ஆள் இல்லை. அதற்குத்தான் நான்.

“இதுவும் கிடைக்கலேன்னா ஏஜென்ட்டுக்கு எழுதிடுவேன், என் பேரை எடுத்துடுங்கன்னு. வீட்டிலயும் சொல்லிட்டேன்” என்றார். “இந்த நாட்டுல என்னை நடிகனா பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்ல பிரதர். நீங்கதான் முதல் ஆள்.”

காட்சி இதுதான். ஒரு கிழவி வாரா வாரம் வந்து புருஷனுக்கு மாத்திரை வாங்குவாள். புருஷன் செத்து ஒரு மாதமாகிறது. ஊருக்கே தெரியும், மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். நான் கிழவியாகக் குரலை நடுங்கவிட்டு, முதுகை வளைத்து, கையை உதறிப் படித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“நடிக்காதீங்க. சும்மா படிங்க.”

சும்மா படித்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை அட்டையை எடுக்கப் போன கையை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டு, “உட்காருங்கம்மா, இன்னிக்குக் கூட்டம் இல்ல” என்றார். அவ்வளவுதான். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் அடுத்த வரியை விட்டுவிட்டேன். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்தப் படத்தில் நானும் ஒருத்தன் என்று வாயெடுத்தேன். வந்தது, “செவ்வாய்க்கிழமை கிளாஸ் உண்டா?”

பத்து நாள் கழித்து, அந்தச் செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் சாயங்காலம், என் மனைவியைக் கிளாஸிலிருந்து இறக்கிவிட்டவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கராஜில் விரிப்பு அப்படியே கட்டியிருந்தது. கைப்பேசியை நீட்டி, “இதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு பார்க்கணும்” என்றார்.

தேர்வுக்குழுவிலிருந்து வந்த மெயில். மிகவும் பிடித்திருந்ததாம். ஆனால் கதையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்களாம். நான்காவது பகுதியில் மருந்துக்கடையின் பின்னறையில் ரசாயனங்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அதற்கேற்ப, உள்ளே ஒரு ஆத்திரம் தெரிகிற மாதிரி இன்னொரு வீடியோ அனுப்ப முடியுமா? எங்களுக்கு வேண்டிய உணர்ச்சி எப்படி என்பதற்கு ஒரு மாதிரி இணைத்திருக்கிறோம், மிக நம்பகமான நடிப்பு.

“சரியாத்தான் புரிஞ்சிருக்கீங்க” என்றேன்.

“அந்த மாதிரியை நான் இன்னும் பார்க்கல” என்று அதை அழுத்தினார்.

மணல் தெரிந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நெட் சரியில்லை, அப்புறம் பார்ப்போம் என்றேன். நெட் பிரமாதமாக இருந்தது. நான் ஓடி வந்தேன், கத்தினேன், பின்னாலிருந்து சரணம் கேட்டது. அவர் திரும்ப ஒரு முறை போட்டார். நடுவில் நிறுத்தினார். திரையில் என் வாய் திறந்தபடி நின்றது.

“இந்தக் கறுப்பு வேட்டி உங்க கொடியில காயறதைப் பார்த்திருக்கேன்” என்றார்.

“ஆமா.”

“நோன்புக்குக் கட்டறதில்லையா இது?”

“ஆமா.”

“செருப்பு இல்ல. அப்ப நோன்புலதான் இருந்திருக்கீங்க. நான் பேரீச்சம்பழம் வச்சேனே, அந்த மாசமா?”

“அன்னிக்கு அங்க அதைத்தான் சாப்பிட்டேன்” என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது.

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். மௌனம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. “சரி, நடிப்பு எப்படி?” என்று கேட்டேன்.

“மோசம். மூச்சை எங்க விடணும்னே தெரியல.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். தைரியம் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரித்தே விடுவார் என்று, விரிப்பையும் நாற்காலியையும் காட்டி, கதவை இறக்கச் சொன்னது, மனைவிக்கு அனுப்பிய செய்தி, கடைசி வாக்குமூலம் என்று வாங்கிய தாள் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். எந்த விருந்திலும் இது எடுபட்டிருக்கும். கூரைக்காரன் ஜோக்கையும் விடவில்லை.

அவர் சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எவ்வளவு நேரம் அப்படி நினைச்சீங்க?”

“ஒரு ஏழு நிமிஷம் இருக்கும்.”

“நாலு வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஜோக் இல்லாமல் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாததால் நன்றாக வரவில்லை. அவர் தலையசைத்தார். அது ஏற்றுக்கொண்டதற்கா, கேட்டாயிற்று போ என்பதற்கா என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுந்து விரிப்பின் ஒரு முனையை அவிழ்த்தார். மறுமுனையை நான் அவிழ்த்தேன். இரண்டு பேருமாக அதை மடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். சொன்னேன். குவாரிக் கதையைக் கேட்டு என்னைவிட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “நானும்தாங்க சிரிச்சேன். இனிமே நான் எப்படி அந்த கார்ல ஏறி உட்கார்றது?” என்றாள்.

அவர் இரண்டாவது வீடியோ எடுக்கவில்லை. முதலில் அனுப்பிய காட்சியில் இருந்த மருந்துக்கடைக்காரராக என்றால் நடிக்கத் தயார், ரசாயனம் வைத்திருப்பவராக என்றால் வேண்டாம் என்று பதில் எழுதினார். நன்றி, எதிர்காலத்தில் பார்க்கலாம் என்று மூன்று வரியில் மெயில் வந்தது. அந்த வாரமே அண்ணன் மூலமாக அதே வேடத்துக்கு என்னைக் கேட்டார்கள். தாடி எடுத்துவிட்டேன் என்றேன். ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்த வேடத்தில் வேறு யாரோ நடித்தார்கள். அவர் ஏஜென்ட்டுக்கு எழுதித் தன் பெயரை எடுத்துவிட்டார்.